மூன்றாவது ஊசிக்கு முன்னால்

கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேச்சுகள் நன்றாகப் பழகியிருக்கும். ஒன்று, "டாக்டர், ஃபிட்ஸ் நிக்கவே மாட்டேங்குது, இன்னொரு ஊசி போட்டுடலாமா?" மற்றொன்று, "இது ஃபிட்ஸே இல்ல டாக்டர், சும்மா நடிக்குது." பல இரவுகளில் இந்த இரண்டும் ஒரே பெண்ணைப் பற்றி, அரை மணி நேர இடைவெளியில் சொல்லப்படுகின்றன. முதலாவது அவளுடைய மூச்சை நிறுத்திவிடக்கூடும். இரண்டாவது, அவள் மறுபடி எந்த மருத்துவரையும் நம்பாதபடி செய்துவிடும். இவை இரண்டுக்கும் நடுவில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதை எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் பேசுவது செயல்பாட்டு வலிப்பைப் பற்றி. வெளியிலிருந்து பார்த்தால் ஃபிட்ஸ்தான். கை கால் உதறும், உடம்பு விறைக்கும், கூப்பிட்டால் பதில் வராது. ஆனால் கால்-கை வலிப்பில் மூளையின் நரம்பணுக்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் மின்சாரத்தைக் கொட்டுகின்றனவே, அது இங்கே நடப்பதில்லை. அந்த நேரத்தில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யைத் தலையில் பொருத்தியிருந்தால் விழித்திருக்கும் மூளையின் அலைகளே பதிவாகும். அதற்காக அந்தப் பெண் வேண்டுமென்று செய்கிறாள் என்று பொருள் கிடையாது. உடம்பு அவள் கையை மீறிப் போயிருக்கிறது. நினைவும் கவனமும் உடலை இயக்கும் கட்டுப்பாடும் சிறிது நேரத்துக்கு ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன. பயத்தில் உறைந்துபோய்ப் பேச்சு வராமல் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது ஓரளவு புரியும்.

இது அரிதான ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். மருந்துக்கு அடங்காத ஃபிட்ஸ் என்று பெரிய வலிப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேருக்கு இதுதான் இருக்கிறது. முக்கால்வாசிப் பேர் பெண்கள். ஆண்களுக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும், வயதானவர்களுக்கும் வருகிறது. சரியான பெயர் சொல்லப்படுவதற்குச் சராசரியாக 7 ஆண்டுகள் ஆகிறது என்று 2002-ல் ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஏழு ஆண்டுகள் தேவையில்லாத மாத்திரை, ஏழு ஆண்டுகள் ஆம்புலன்ஸ்.

அவசரப் பிரிவுக்கு நேராகப் பொருந்தும் ஒரு தகவல் 2019-ல் வந்தது. முதல் ஊசிக்கு நிற்காத வலிப்புக்கு அடுத்து எந்த மருந்து நல்லது என்று பார்க்க அமெரிக்காவின் அவசரப் பிரிவுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. லெவடிராசிடம், ஃபாஸ்ஃபெனிடோயின், வால்ப்ரோயேட் மூன்றும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேலை செய்தன, ஒன்றைவிட ஒன்று மேல் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டது அந்த முடிவைத்தான். என்னை உலுக்கியது வேறு: சேர்க்கப்பட்டவர்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு இருந்தது செயல்பாட்டு வலிப்பு என்று பின்னால் தெரியவந்தது. தேர்ந்த மருத்துவர்கள், நல்ல வசதி, கறாரான விதிமுறைகள். அங்கேயே பத்தில் ஒருவர் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே டியூட்டி டாக்டர் இருக்கும் இடத்தில் எப்படி இருக்கும்?

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், வலிப்பை நிறுத்த முதலில் போடும் ஊசியான மிடசோலத்துக்கு இந்த வலிப்பு நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. நிற்கவில்லை என்பதால் இன்னொரு டோஸ் போடுகிறோம். அப்புறம் லெவிபில் (லெவடிராசிடம்தான்), ஃபெனிடோயின். ஏதோ ஒரு கட்டத்தில் மூச்சு மந்தமாகும். குழாய் போட்டு வெண்டிலேட்டரில் வைப்போம். உதறல் நின்றுவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவோம். நல்ல நுரையீரலோடு வந்த 22 வயதுப் பெண்ணுக்கு மூன்றாம் நாள் நிமோனியா வரும். இந்த வலிப்பு தன்னளவில் மூளையைக் கெடுப்பதில்லை. கெடுப்பதெல்லாம் நாம் கொடுக்கும் சிகிச்சைதான். அதனால்தான் மூன்றாவது ஊசியை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வெறுமனே பாருங்கள் என்று என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் மறுபடி மறுபடி சொல்கிறேன்.

எதைப் பார்ப்பது? முதலில் கண். கால்-கை வலிப்பில் கண் திறந்திருக்கும், விழி நிலைகுத்தியோ ஒரு பக்கம் திரும்பியோ இருக்கும். செயல்பாட்டு வலிப்பில் பெரும்பாலும் இறுக்கி மூடியிருக்கும், இமையைத் தூக்கினால் எதிர்க்கும். 2006-ல் வீடியோ இ.இ.ஜி. (இ.இ.ஜி. ஓடும்போதே வலிப்பையும் படம் பிடிப்பது) வைத்துச் செய்த ஓர் ஆய்வில் செயல்பாட்டு வலிப்பு இருந்த 52 பேரில் 50 பேர் கண்ணை மூடியிருந்தார்கள். கால்-கை வலிப்பு இருந்த 156 பேரில் 152 பேர் திறந்திருந்தார்கள். கண்ணால் பார்த்து அறியக்கூடிய வேறெந்த அடையாளமும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டியதில்லை என்பது என் எண்ணம். ஆனால் நாம் பார்த்த கண்ணுக்குத்தான் இந்த மதிப்பு. "கண்ணு மேல சொருகிடுச்சு சார்" என்று வீட்டார் பதறிச் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பயந்துபோன மனிதருக்குக் கண் பார்த்தது ஒன்று, நினைவில் நிற்பது ஒன்று.

அடுத்தது, உதறல் போகும் விதம். கால்-கை வலிப்பு ஒரு வரிசையில் நகரும்: விறைப்பு, பிறகு வெட்டு, வெட்டுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போய் ஓய்ந்துவிடும். பெரும்பாலும் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். செயல்பாட்டு வலிப்பு ஏறும், இறங்கும், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கும். பத்து நிமிடம், இருபது நிமிடம்கூடப் போகும். தலை "வேண்டாம் வேண்டாம்" என்பதுபோல இடம் வலமாக ஆடும். வலது கை ஒரு தாளத்தில், இடது கை வேறொரு தாளத்தில். நடுவில் அழுகை வரலாம். யாராவது தோளைத் தொட்டால் கூடவோ குறையவோ செய்யும். முடிந்த பிறகு பாருங்கள்: கால்-கை வலிப்பு வந்தவர் குறட்டை போல மூச்சிழுத்து ஆழ்ந்து கிடப்பார், எழுந்தாலும் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. மற்றவர் சீக்கிரம் தெளிந்துவிடுவார், சில சமயம் நாம் பேசிய பேச்சைக்கூடத் திருப்பிச் சொல்வார். நாக்கின் ஓரத்தில் ஆழமான கடி இருந்தால் அது கால்-கை வலிப்பின் பக்கம் சாயும். சிறுநீர் போய்விட்டது, கீழே விழுந்து அடிபட்டது ஆகியவை எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. இரண்டிலும் நடக்கிறது. "அடிபட்டிருக்கே, அப்போ நிஜ ஃபிட்ஸ்தான்" என்பதும், "அடியே படல, அப்போ நடிப்பு" என்பதும் ஒரே அளவு தவறு.

ரத்தப் பரிசோதனைகளை நம்பி உட்காரவேண்டாம். பெரிய வலிப்பு ஓய்ந்த கையோடு எடுத்த லாக்டேட் (தசைகள் கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் பொருள்) எகிறியிருக்கும், அது ஒரு துணைச் சான்று. வலிப்பு வந்து 10 முதல் 20 நிமிடத்துக்குள் எடுத்தால் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவும் உதவும், ஆனால் மயங்கி விழுந்தாலும் அது ஏறும். தலை ஸ்கேன் நார்மலாக இருப்பது எதையும் நிரூபிக்காது. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி. நார்மல் என்றால் கால்-கை வலிப்பு இல்லை என்றாகாது. அதில் தெரியும் ஏதோ ஒரு சின்னக் கோணல், கால்-கை வலிப்பு இருக்கிறது என்பதற்கு ஆதாரமும் ஆகாது. இந்தக் கடைசித் தவறால் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். இந்த அடையாளங்களைப் படித்துவிட்டு யாரும் முதல் ஐந்து நிமிடத்தில் துப்பறிய வேண்டாம். வலிப்போடு வருகிற யாரும் முதலில் உயிருக்கு ஆபத்தில் இருக்கிறவர்தான். ஒருக்களித்துப் படுக்கவை, மூச்சுப்பாதையைப் பார், ஆக்ஸிஜன், விரலில் குத்தி சர்க்கரை, கடிகாரத்தைப் பார். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது சந்தேகம் இருந்தால், மருந்து கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் முழு அளவில். 40 கிலோவுக்கு மேல் உள்ளவருக்கு மிடசோலம் தசையில் 10 மில்லிகிராம், சிரையில் லோரசெபாம் என்றால் 4 மில்லிகிராம். பயந்து பயந்து இரண்டு இரண்டாகக் கொடுத்துவிட்டு "நிக்கல" என்று சொல்வதில் பொருளில்லை. கருவுற்ற பெண் என்றால் ரத்த அழுத்தம் பார், கர்ப்பகால வலிப்புக்கான மெக்னீசியம் சல்பேட் கையில் இருக்கட்டும். பிரசவமாகிச் சில வாரங்களில் தலைவலியோடு வந்த வலிப்பு, மூளையின் சிரையில் ரத்தம் உறைந்ததாக இருக்கலாம். நம் ஊரில் மூளைக்குள் நாடாப்புழுக் கட்டி இருக்கிறது, பூச்சி மருந்து குடித்தவர் இருக்கிறார், குடியைத் திடீரென்று நிறுத்தியவர் இருக்கிறார், கற்பூரத்தை விழுங்கிய குழந்தை இருக்கிறது. இதய ஓட்டம் தடுமாறி மயங்கும்போது கை கால் சில விநாடி வெட்டிக்கொள்வதும் உண்டு. அதனால் ஓர் இ.சி.ஜி. கட்டாயம்.

இன்னொன்று, மூளையின் முன்பகுதியில் தொடங்கும் வலிப்பு பார்ப்பதற்கு நாடகம் போலவே இருக்கும்: கத்தல், சைக்கிள் மிதிப்பது போன்ற கால் அசைவு, முடிந்தவுடன் தெளிவு. தூக்கத்திலிருந்து வரும், குறுகியதாக இருக்கும், ஒவ்வொரு தடவையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். அதைப் பார்த்து "நடிப்பு" என்று அனுப்பப்பட்டவர்களும் உண்டு. தவிர, செயல்பாட்டு வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கால்-கை வலிப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே கேஷுவாலிட்டியில் ஓர் அடையாளத்தை வைத்து முத்திரை குத்தக் கூடாது. நாலைந்து அடையாளங்கள் ஒரே பக்கம் சாயும்போதுதான் "செயல்பாட்டு வலிப்பாக இருக்க நிறைய வாய்ப்பு" என்று எழுதலாம். உறுதி செய்வது நரம்பியல் மருத்துவரும் வீடியோ இ.இ.ஜி.யும். முன்னே ஒரு வலிப்பை வீட்டார் போனில் எடுத்து வைத்திருந்தால் அது தங்கத்துக்குச் சமம். அவளைக் கேட்டுவிட்டு, அவள் போனிலேயே இருக்கட்டும் என்று சொல்லி, அடுத்த மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். நெஞ்செலும்பை முட்டியால் தேய்ப்பது, புருவத்தின் மேல் கட்டைவிரலால் அழுத்துவது, மூக்கில் அம்மோனியா காட்டுவது, கையைத் தூக்கி முகத்தின் மேல் விழவிட்டுப் பார்ப்பது, வலிக்கட்டும் என்றே டிஸ்டில்டு வாட்டரைத் தசையில் போடுவது. "ஹெச்.சி.ஆர்." (ஹிஸ்டீரிக்கல் கன்வெர்ஷன் ரியாக்‌ஷன்) என்று மூன்று எழுத்தைச் சீட்டில் எழுதிவிட்டு இவற்றையெல்லாம் செய்யும் வழக்கம் நம்முடைய பல மருத்துவமனைகளில் மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வருகிறது. இவற்றால் எதுவும் உறுதியாவதில்லை. கை முகத்தில் விழாமல் விலகினால் அது நடிப்பு என்று ஆகாது. தன்னைக் காத்துக்கொள்ளும் அனிச்சை இந்த நிலையில் பலருக்கு மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான். வலிக்கு உதறல் நின்றாலும் அது குணமில்லை. அவள் பயம் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கிறது. இவர்களில் கணிசமானோர் வாழ்க்கையில் ஏற்கெனவே யாரோ அவர்கள் உடம்பை அவர்கள் அனுமதி இல்லாமல் நோகச் செய்திருக்கிறார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நாமும் அதையே செய்ய எந்த மருத்துவ நூலும் அனுமதி தரவில்லை.

சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் பழைய வழக்கம்தான். பாரிஸின் சல்பேத்ரியே மருத்துவமனையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஷார்கோ என்ற நரம்பியல் மேதை, இந்த வலிப்பு வரும் பெண்களைக் கூட்டத்தின் முன் நிறுத்திப் பாடம் எடுத்தார். 1887-ல் ஆந்த்ரே புரூயே வரைந்த பெரிய ஓவியத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. சாய்ந்து விழும் பெண்ணைத் தாங்கிப் பிடித்திருக்கும் இளைஞர் பாபின்ஸ்கி, நரம்புச் சோதனையாக நாம் தினமும் பாதத்தில் கோடு கீறிப் பார்க்கிறோமே, அந்தச் சோதனைக்குப் பெயர் தந்த அதே பாபின்ஸ்கி. ஷார்கோ ஒரு நல்ல காரியமும் செய்தார்: இது பொய்யில்லை, நரம்பு மண்டலத்தின் கோளாறு, ஆண்களுக்கும் வரும் என்று அடித்துச் சொன்னார். அவரது காலத்துக்குப் பிறகு அந்தச் சிந்தனை மங்கிப்போனது, வேடிக்கை மட்டும் தங்கிவிட்டது.

அதனால் நான் முதலில் செய்வது திரையை இழுப்பது. ஒரு நர்ஸ், வீட்டார் ஒருவர், நான். மற்ற எல்லோரும் வெளியே. கை காலை யாரும் அமுக்கிப் பிடிக்கக் கூடாது, அமுக்கினால் திமிறல் கூடும். பக்கக் கம்பியைத் தூக்கி, தலைக்கு மென்மையாக ஏதாவது வைத்து, விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் போதும். கையில் சாவிக்கொத்து திணிக்கப்பட்டிருந்தால் சத்தம் போடாமல் எடுத்துவிடலாம். ஒருவர் மட்டும் பேசவேண்டும், தணிந்த குரலில். "நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கம்மா. பத்திரமா இருக்கீங்க. இது கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும். நான் இங்கேயேதான் இருக்கேன்." அவளுக்குக் கேட்கிறது என்று வைத்துக்கொண்டே பேசவேண்டும், ஏனென்றால் பலருக்குக் கேட்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் சொல்லப்பட்ட "நடிக்குது" என்ற சொல்லை ஆண்டுகள் கழித்தும் வார்த்தை மாறாமல் திருப்பிச் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

தெளிந்த பிறகு என்ன சொல்கிறோம் என்பதுதான் சிகிச்சையின் முதல் டோஸ். "எல்லாம் நார்மல், ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போங்க" என்றால் அவள் காதில் விழுவது "உன்னை நாங்கள் நம்பவில்லை" என்பதுதான். என்ன இல்லை என்று சொல்வதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லவேண்டும். நான் சொல்லும் விதம் இது: "உங்களுக்கு வந்தது நிஜமான வலிப்பு. நீங்க வரவைக்கல, உங்களால நிறுத்தவும் முடியல. மூளையில கட்டியோ காயமோ இல்லாமலே இது வரும். வீட்டுல கரண்ட் லோடு கூடினா எம்.சி.பி. ட்ரிப் ஆகுது இல்லையா, வயர் எரிஞ்சுபோகல, ஆனா லைட் நின்னுடுது. அந்த மாதிரி. இதுக்கு வைத்தியம் இருக்கு, நிறையப் பேருக்குக் குறையுது." நான் எந்த அடையாளத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுவேன்: கண் மூடியிருந்தது, விட்டுவிட்டு வந்தது, ஆக்ஸிஜன் குறையவில்லை. இது மிச்சம் மீதியாக ஒட்டவைத்த பெயரில்லை, பார்த்துச் சொன்ன நோய் என்று அப்போது அவர்களுக்குப் புரிகிறது.

அங்கேயே, அந்த இரவிலேயே, "என்ன டென்ஷன்? வீட்ல என்ன பிரச்சினை?" என்று எல்லோர் முன்னாலும் தோண்ட வேண்டாம். மன அழுத்தமோ பழைய காயமோ பலருக்கு இருக்கிறது, எல்லோருக்கும் இல்லை. அப்படி ஒரு காரணம் கண்டுபிடித்தால்தான் இந்த நோய் என்ற நிபந்தனையை 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடே எடுத்துவிட்டது. ஆனால் தனியாக ஐந்து நிமிடம் கிடைத்தால் இரண்டு கேள்விகளை நேராகக் கேட்கவேண்டும்: வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கிறதா? மெல்போர்னிலிருந்து 2020-ல் வந்த ஆய்வு ஒன்றில் இந்த நோயாளிகளின் இறப்பு விகிதம் பொதுமக்களைவிட 2.5 மடங்கு அதிகமாக இருந்தது. "ஆபத்தில்லாத வலிப்பு" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போக முடியாது. 181 பெண்கள் உதவி எண்ணும், 14416 டெலி மனஸ் மனநல உதவி எண்ணும் எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கின்றன.

வீட்டாருக்கும் நேரம் ஒதுக்கவேண்டியிருக்கிறது. கல்யாணமாகாத பெண் என்றால் அம்மாவின் முதல் கேள்வி நோயைப் பற்றி இருக்காது. கால்-கை வலிப்பு என்ற முத்திரை நம் ஊரில் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1999 திருத்தம் வரும்வரை இந்துத் திருமணச் சட்டத்திலேயே அது திருமணத்தைச் செல்லாததாக்கும் காரணங்களில் ஒன்றாக இருந்தது. தவறான முத்திரையோடு வால்ப்ரோயேட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் இளம்பெண்கள் விஷயத்தில் இன்னொரு கவலை உண்டு: அந்த மருந்து வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும். ஆனாலும் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைக் கேஷுவாலிட்டியில் நாம் சட்டென்று நிறுத்தக் கூடாது. இரண்டும் சேர்ந்திருக்கும் அந்த ஐந்தில் ஒருவராக அவள் இருக்கலாம். நிறுத்துவதா குறைப்பதா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும், சீக்கிரம் செய்யட்டும். கோயிலுக்கோ தர்காவுக்கோ போய் வருகிறோம் என்றால் போய் வாருங்கள், அடுத்த வாரம் இங்கேயும் வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

வைத்தியம் இருக்கிறது என்று சொன்னேனே, அது வெறும் ஆறுதல் பேச்சில்லை. இந்த வலிப்புக்கென்றே வடிவமைத்த மனச்சிகிச்சையை பிரிட்டனில் 368 பேரிடம் சோதித்து 2020-ல் வெளியிட்டார்கள். மாத வலிப்புகளின் எண்ணிக்கையில், ஓராண்டு முடிவில், வழக்கமான நல்ல கவனிப்பைவிடத் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வலிப்பில்லாமல் தொடர்ந்து இருந்த நாட்கள் கூடின, அன்றாட வாழ்க்கை எளிதானது, மன வேதனை குறைந்தது. எனக்கு அந்த ஆய்வில் பிடித்தது இன்னொன்று: இரண்டு பிரிவினருக்குமே நரம்பியல் மருத்துவரும் மனநல மருத்துவரும் நோயை ஒழுங்காக விளக்கியிருந்தார்கள். நம் மாவட்டங்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த விளக்கமே கிடைப்பதில்லை. வலிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்கிறவர்களுக்குச் சின்னப் பயிற்சிகள் உண்டு: உள்ளங்கையில் ஐஸ்கட்டி, கண்ணில் படும் பொருள்களை வாய்விட்டுப் பெயர் சொல்வது, மூச்சை மெதுவாக வெளிவிடுவது. சிலருக்கு அதுவே வலிப்பைத் தள்ளிப்போடுகிறது.

கடைசியாக டிஸ்சார்ஜ் சீட்டு. அடுத்த தடவை அவள் வேறு ஏதோ மருத்துவமனைக்குத்தான் போவாள், அங்கே அந்தச் சீட்டுதான் பேசும். நான் எழுதுவது இவ்வளவு: என்ன பார்த்தோம், கண் எப்படி இருந்தது, எத்தனை நிமிடம், ஆக்ஸிஜன் எவ்வளவு, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தோம், செயல்பாட்டு வலிப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று நினைக்கிறோம், நோயாளியிடம் என்ன சொல்லியிருக்கிறோம். அதற்குக் கீழே, வீட்டாருக்குப் புரியும் தமிழில்: வழக்கமான மாதிரி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், பக்கத்தில் இருந்து பேசுங்கள். உதடு நீலம் பாய்ந்தால், கண் திறந்த நிலையில் ஐந்து நிமிடம் தாண்டினால், தலையில் அடிபட்டால், வழக்கத்துக்கு மாறாக இருந்தால், ஏதாவது விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தால், அவள் கருவுற்றிருந்தால், யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.